மருதாணி வைத்த கை

தம்பி,

நாளைக்குக் கோயிலில் உன் கல்யாண அறிவிப்பு, மூன்றாவது ஓலை, வாசிப்பார்கள். போன ஞாயிறு சாமியார் பீடத்தருகே நின்று, "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் வந்து சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று வாசித்தபோது, நீ கட்டிக்கொள்ளப் போகிற ஜெனியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழங்கையால் இடித்துச் சிரித்தாய். உன் அம்மா உங்கள் இரண்டு பேரையும் முறைத்தாள். நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டேன். பயப்படாதே, உன் கல்யாணத்துக்கு ஒரு தடையும் இல்லை. எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று என்னிடம் இருபது வருஷமாகக் கிடக்கிறது, அவ்வளவுதான். அதைச் சாமியாரிடம் சொல்லிப் பயனில்லை, உன்னிடம் சொல்ல வேண்டும். வாயால் ஆரம்பித்தால் பாதியில் கோபப்பட்டு எழுந்துவிடுவேன் என்பது எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்குக் கோயிலிலிருந்து வந்ததும், சாப்பாட்டு மேஜையில் பத்திரிகை கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலை விரித்தாய். உன் மாமாக்களுக்கும் முன்னால், முதல் வரியில், "பிலோ அத்தை" என்று எழுதினாய். "அப்பா, ஞானத்தாய்க்குத்தான் முதல் பத்திரிகை. நீங்களும் கூட வரணும். ஜெனியோட கோயில்ல பாட்டுக் குழுவுல பின்னாடி நின்னு பாடிட்டு இருந்தாங்கப்பா. எனக்கு முன்னாடி அவங்க என்னைக் கண்டுபிடிச்சிட்டாங்க. வெள்ளானூர்லதான் இருக்காங்களாம்" என்றாய். ஒன்பது வயதில் உனக்கு இருந்த முகம் அப்படியே திரும்பி வந்திருந்தது. நான் என்ன செய்தேன்? "அதெல்லாம் வேண்டாம். இருபது வருஷமா எட்டிப் பாக்காதவளுக்கு என்ன முதல் பத்திரிகை?" என்று சொல்லி, தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனேன். "இவருக்கு என்னதாம்மா பிரச்சினை?" என்று நீ அம்மாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது. எட்டிப் பார்க்காதவள் என்று சொன்ன அந்த வாயைத்தான் கழுவியிருக்க வேண்டும். அவளை வர வேண்டாம் என்று சொன்னவன் நான்.

நாம் பாரிவாக்கத்தில் இந்த ஃபிளாட்டுக்கு வருவதற்கு முன்னால் அம்பத்தூரில் வாடகைக்கு இருந்தோமே, அங்கே பிலோமினா அடுத்த வீடு. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் என் கம்பெனியில்தான் அவளுக்கும் வேலை. நான் மாடியில் டிசைன் பிரிவில், அவள் கீழே, தூசு படாமல் பாகங்களைப் பொருத்தும் சுத்த அறையில். உன்னை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றவள் அவள்தான். சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றியதும் நீ கத்திய கத்தலில் கோயிலே திரும்பிப் பார்த்தது. "இன்னாடா இவன், சாத்தான விரட்டச் சொன்னா சாமியாரையே விரட்டிகினு கீறான்!" என்றாள். சாமியாரே சிரித்துவிட்டார். உன் அம்மா டியூஷன் எடுத்துவிட்டு வரும்வரை, ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்போடு உனக்குச் சோறு போட்டவள், உன் சைக்கிளின் பின் சீட்டைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க ஓடியவள் எல்லாம் அவள்தான். இதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். நினைவில் இல்லாததை, உனக்குத் தெரியக் கூடாது என்று நான் பார்த்துக்கொண்டதைத்தான் இனிமேல் எழுத வேண்டும்.

என் வேலை என்னவென்று நீ ஒருமுறை கேட்டாய், "சுவிட்ச் செய்றோம்" என்று சொல்லி முடித்துவிட்டேன். இப்போது கொஞ்சம் பொறுமையாகக் கேள், இது புரியாவிட்டால் என் குற்றமும் புரியாது. மிக்ஸி ஓடும்போது பிளக்கைப் பிடுங்கினால் ஒரு பொறி பறக்கும் அல்லவா? துணை மின்நிலையத்தில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஓடும் இடத்தில் அதே காரியத்தைச் செய்தால் வருவது பொறி இல்லை, ஆர்க். இரும்பையே உருக்கும் தீக்கோல். அதை அணைப்பதற்காகத்தான், காற்றை முழுக்க உறிஞ்சிய ஒரு பீங்கான் குடுவைக்குள் இரண்டு தொடுமுனைகளை எதிரெதிரே வைக்கிறோம். அவை பிரியும்போது எரிவதற்குக் காற்று கிடையாது, ஆகவே ஆர்க் அந்தத் தொடுமுனைகளின் உலோகத்தையே ஆவியாக்கி அதில் எரியும். மின்சாரம் கொஞ்சமாக இருந்தால் ஆர்க் தொடுமுனையின் முகம் முழுக்கப் பரவி மெலிசாக எரியும், கெடுதல் இல்லை. ஷார்ட் சர்க்யூட் ஆகி மின்சாரம் வெள்ளமாக வந்தால், அது சுருங்கி ஒரே இடத்தில் குத்திக்கொண்டு நின்று, அங்கே குழி பறித்துவிடும். நம் மின்சாரம் ஒரு விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்துக்கு இறங்கி ஏறுகிறது. அப்படி இறங்கும் கணத்தில் முகம் உருகாமல் இருந்தால் ஆர்க் அணைந்துவிடும், திரும்ப வராது. உருகிக் கொதித்துக்கொண்டு இருந்தால் அணையாது.

ஆர்க்கைச் சுருங்க விடாமல் பரப்பி வைப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். ஒவ்வொரு தொடுமுனையையும் ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி செய்து, அதன் சுவரில் சாய்வாகப் பிளவுகள் வெட்டுவோம். மின்சாரம் நேராக ஏற முடியாமல் அந்தச் சாய்வோடு சுற்றிக்கொண்டு ஏறும். சுற்றி ஏறும் மின்சாரம் தானே ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். அந்தப் புலம் ஆர்க்கை முகம் முழுக்க விரித்துப் பிடித்துக்கொள்ளும். ஒரே நிபந்தனை, மேல் கிண்ணமும் கீழ்க் கிண்ணமும் மின்சாரத்தை ஒரே பக்கமாகச் சுற்றிவிட வேண்டும். ஒன்று வலமாகவும் இன்னொன்று இடமாகவும் சுற்றினால், நடுவில் ஒன்று கட்டுவதை மற்றது அவிழ்த்துவிடும். இதைச் சரியாக வைப்பது சுலபம். ஒரு போல்ட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார், மரை அதே பக்கம்தான் போகும். ஆகவே ஒரே மாதிரி இரண்டு கிண்ணங்களைச் செய்து முகத்துக்கு முகம் வைத்தால் போதும். ஆனால் அதே போல்ட்டைக் கண்ணாடியில் பார்த்தால் மரை எதிர்ப்பக்கம் மாறிவிடும். பாலிடெக்னிக் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

அந்த வருஷம் நாங்கள் செய்த பெரிய பிரேக்கரில், அதாவது அந்த சுவிட்சில், கிண்ணத்தைத் தாங்கும் நகரும் பக்கத்துத் தண்டு நிலையான பக்கத்துத் தண்டைவிட நீளம். ஆகவே இரண்டு கிண்ணங்களுக்கும் தனித்தனி டிராயிங் தேவைப்பட்டது. மேலே உள்ளதை முடித்துவிட்டேன். கீழே உள்ளதற்கு மறுபடி உட்கார்ந்து கோடு கோடாகப் போடச் சோம்பல், கூடவே எனக்கு எல்லாம் தெரியும் என்கிற திமிர். கம்ப்யூட்டரில் 'மிர்ரர்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைத் தட்டினேன். கிண்ணம் அப்படியே கண்ணாடியில் விழுந்த மாதிரி கீழே வந்து உட்கார்ந்தது. பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தது தெரியுமா! தண்டின் நீளத்தை மட்டும் மாற்றினேன். வரைந்தவர் என்ற கட்டத்தில் என் கையெழுத்து. சரிபார்க்க வேண்டியவர் லீவில் இருந்தார், அந்தக் கட்டத்திலும் நானே போட்டேன்.

கிண்ணங்கள் கடைந்து வந்து, பிலோமினா சுத்த அறையில் அவற்றைப் பொருத்தியது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள்தான் உனக்குப் புதுநன்மை, நீ முதல் முறையாக நற்கருணை வாங்கிய நாள். வெள்ளைச் சட்டையில் நீ மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நடந்தாய், உன் ஞானத்தாய் இரண்டு கையிலும் முழங்கைவரை மருதாணி வைத்துக்கொண்டு வந்திருந்தாள். "எம்புள்ளைக்கி நன்மை, நான் மொட்டக் கையோட வரவா?" என்றாள். சுத்த அறையில் பவுடர், பூ, மை, மருதாணி எதுவும் கூடாது என்பது சட்டம். ஒரு விரல் ரேகை பட்டாலே வெற்றிடம் கெட்டுப்போகும். அவள் அன்று ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டுக்கொண்டுதான் வேலை செய்தாள். இருந்தாலும் சூப்பர்வைசர் நோட்டில் குறித்து வைத்துவிட்டான்.

சில வாரம் கழித்துச் சோதனைக்கூடத்தில் அந்த பிரேக்கர் தோற்றது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முழு மின்சாரத்தைக் கொடுத்தார்கள், பிரிந்தது, அணையவில்லை. குடுவையை அறுத்துத் திறந்தபோது தொடுமுனையின் நடுவில் பெரிய குழி. அந்தச் சோதனைக்குத் தேதி கிடைப்பதற்கு மாதக்கணக்கில் காத்திருந்தோம், முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். மருதாணி விஷயம் நோட்டிலிருந்து வெளியே வந்தது. காரணம் என்ன என்று அறிக்கை எழுதச் சொன்னது என்னை. "பொருத்தும்போது கையிலிருந்து பட்ட மாசு காரணமாக இருக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'இருக்கலாம்' என்றுதானே எழுதினேன் என்று இருபது வருஷமாக என்னையே தேற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். மூன்று வாரம் கழித்து டிராயிங்கைப் புரட்டும்போதுதான் என் தவறு எனக்குத் தெரிந்தது. அதற்குள் அவள் போய்விட்டாள்.

விசாரணை நடந்த அன்று நானும் அந்த அறையில் இருந்தேன். பெர்சனல் மேனேஜர் கேட்டார்: "கையில மருதாணி வெச்சிருந்தியா, இல்லையா?"

"வெச்சிருந்தேன் சார். ரெண்டு கிளவுஸ் போட்டுகினுதான் சார் தொட்டேன்."

"ரூல் தெரியும்ல? எதுக்கு வெச்சே?"

"புள்ளைக்கிப் புதுநன்மை சார்."

"யார் புள்ள?"

அவள் என்னைப் பார்த்தாள். இந்த சாரோட புள்ளதான் என்று ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும், நான் அந்த இடத்திலேயே உடைந்திருப்பேன். "என் ஞானப்புள்ள சார்" என்று மட்டும் சொன்னாள். என் வாயில் கொழுக்கட்டை இருந்தது. காண்ட்ராக்டில் எட்டு வருஷம் வேலை செய்து, அந்த வருஷம் நிரந்தரம் ஆகப் போகிறவளை அன்று சாயங்காலமே நிறுத்திவிட்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் மூச்சு விட்டேன். ஆமாம், அதுதான் நடந்தது. வருத்தப்படுவதற்கு முன்னால் நிம்மதிப்பட்டேன். பிறகு டிராயிங்கில் கீழ்க் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் மாற்றினேன். காரணம் என்ற இடத்தில் 'சிறு திருத்தம்' என்று எழுதினேன். அடுத்த சோதனையில் பிரேக்கர் தேறியது. புது ஆளை வைத்துச் சுத்தமாகப் பொருத்தியதால்தான் தேறியது என்று அந்த சூப்பர்வைசர் மார் தட்டினான். எனக்கு மாலை போட்டு, பதவி உயர்வும் கொடுத்தார்கள். அந்த மாலையை உன் அம்மா மாதா படத்துக்குப் போட்டாள். அது காய்கிறவரை நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வேலையை விட்டு நிறுத்திய அடுத்த வாரமே பிலோமினா நம் வீட்டுக்கு வந்தாள். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், அம்மாவும் இல்லை. கையில் உனக்கு ஒரு டப்பாவில் கேழ்வரகு அடை. நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டேன். "கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதம்மா. கம்பெனியில தப்பா நினைப்பாங்க, எனக்குச் சங்கடம்" என்றேன். அவள் டப்பாவைக் கதவோரம் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். நீ கேட்டபோது, "ஊருக்குப் போயிட்டாங்க" என்றேன். எந்த ஊர் என்றாய், பெரியவர்கள் விஷயத்தில் தலையிடாதே என்று அதட்டினேன். எனக்கு முன்கோபம் என்று உன் அம்மா உறவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். முன்கோபம் இல்லை தம்பி, பயம். யாராவது அந்தப் பக்கம் கேள்வியைக் கொண்டுபோனால் வெட்டிவிடுவேன். எங்கள் தொழிலில் இதற்கும் ஒரு பாடம் உண்டு. சின்ன மின்சாரத்தை நிறுத்தும்போது சில தொடுமுனைகள் அவசரப்பட்டு, அது தானாகப் பூஜ்யத்துக்கு வருவதற்கு முன்பே வெட்டிவிடும். வெட்டிய இடத்தில் ஒன்றும் ஆகாது. அந்த வீச்சில் வோல்ட்டேஜ் எகிறி, தூரத்தில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் சுருள் கருகிப் போகும். அப்படி வெட்டாமல் கடைசிவரை தாங்கட்டும் என்றுதான் உலோகத்தை அளந்து கலக்கிறோம். ஊருக்கெல்லாம் பொறுமையான தொடுமுனை செய்து கொடுத்தவன், வீட்டில் உன் கேள்வி ஒன்றைக்கூட முடிய விட்டதில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ அவளுக்கு ஒரு கார்டு செய்தாய். பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம், கிரேயானில் ஒரு நட்சத்திரம். "அட்ரஸ் உங்களுக்குத் தெரியும்லப்பா, போஸ்ட் பண்ணிடுங்க" என்று என் பையில் வைத்தாய். மறுநாள் கேட்டாய், பண்ணிவிட்டேன் என்றேன். ஜனவரி முழுக்கத் தபால்காரர் வரும் நேரத்துக்கு கேட்டில் போய் நின்றாய். "பிலோ அத்தைக்கு என்னைப் பிடிக்காம போச்சாப்பா?" என்று ஒரு நாள் கேட்டாய். "அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்றேன். அப்புறம் நீ அவள் பேரை எடுக்கவே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன் பார், அந்தக் கேடுகெட்ட புத்தியை என்ன சொல்ல.

இப்போது மேலே ஒரு இடத்தைத் திரும்பப் படி. மூன்று வாரம் கழித்துத்தான் என் தவறு எனக்குத் தெரிந்தது என்று எழுதியிருக்கிறேன். அது பொய். அடித்துவிட்டு எழுதலாம் என்று பேனாவை வைத்தேன், வேண்டாம், கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையை ஒப்புக்கொள்ள உட்கார்ந்த கடிதத்திலேயே உன் அப்பன் எப்படிப் பொய் சொல்வான் என்று நீ பார்க்க வேண்டும். அந்தத் திங்கட்கிழமை, கிண்ணங்களைப் பொருத்துவதற்கு முன்னால், சுத்த அறைக் கண்ணாடியைத் தட்டி அவள் என்னைக் கூப்பிட்டாள். முகமூடியைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு சொன்னாள்: "அண்ணே, இது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரா சாஞ்சினு கீது. போன தபா சின்னது செஞ்சப்போ இப்டி இல்லியே. ஒருவாட்டி பாத்துடுங்கண்ணே." நான் பார்க்கக்கூட இல்லை. "டிராயிங்ல என்ன இருக்கோ அதைச் செய் பிலோ. யோசிக்கறதுக்குத்தான் மாடியில நாங்க உக்காந்திருக்கோம்" என்றேன். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் முகமூடியை ஏற்றிக்கொண்டு உள்ளே திரும்பினாள். சோதனைக்கூடத்தில் அந்தக் குழியைப் பார்த்த அடுத்த நிமிஷமே எனக்கு அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. மாசு பட்டிருந்தால் குழி அப்படி நடுவில் விழாது. அன்று மத்தியானமே டிராயிங்கை எடுத்துப் பார்த்துவிட்டேன். அறிக்கை எழுதும்போதும் தெரியும். விசாரணையில் அவள் என்னைப் பார்த்தபோதும் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பதும் தெரியும். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதெல்லாம் "பொய் சொன்னேன், கோபப்பட்டேன்" என்று மொத்தமாகச் சொல்லி, பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் வாங்கிக்கொண்டு வந்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலையில் ஆவடியில் ஒரு வேலை இருக்கிறது என்று வண்டியை எடுத்தேனே, வெள்ளானூருக்குத்தான் போனேன். உன் ஃபோனில் இருந்து முகவரியைக் குறித்துக்கொண்டதற்கும் மன்னித்துவிடு. பருத்திப்பட்டு ஏரியோரம் ஒருமுறை நிறுத்தி, திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். திரும்பியிருந்தால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பேன். அவள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். பிளவுஸ் துணியை வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "இன்னாண்ணே, இப்டி நரைச்சிப் பூட்டீங்க! உள்ள வாங்க" என்றாள். நேற்றுப் பார்த்தவளைப் போல. நாற்காலியில் உட்கார்ந்ததும், எங்கே தைரியம் போய்விடுமோ என்று கிண்ணத்தில் ஆரம்பித்து அறிக்கை வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"தெர்யும்ணே" என்றாள். "நான்தானே உங்களாண்ட வந்து சொன்னேன்."

"அப்ப விசாரணையில ஏம்மா சொல்லலை?"

"டிசைன் சாரு தப்பா போட்டாருன்னு மருதாணி வெச்சவ சொன்னா எவன் நம்புவான்? அத்தோட, நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். ரெண்டு நாளு பாத்தேன். அப்பால ரெண்டு மாசம் பாத்தேன். அப்பால வுட்டுட்டேன்." கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "எங்க ஊட்டுக்காரரு ஆறு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல. எஸ்டேட்டுல எந்தக் கம்பெனிக்குப் போனாலும், ஏம்மா, அந்த மருதாணி கேஸு நீதானேன்னான். அன்னிலேர்ந்து கையில வெக்கிறதே இல்லண்ணே."

இவ்வளவையும் அவள் கோபமில்லாமல்தான் சொன்னாள். அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்போதுதான் பையிலிருந்து உன் கார்டை எடுத்து நீட்டினேன். ஆம், நான் அதைக் கிழிக்கவில்லை. கிழிக்கத் துணிவில்லாமல், தபாலில் போடவும் துணிவில்லாமல், என் பழைய டிராயிங் ஃபைலில் இருபது வருஷம் வைத்திருந்தேன். "இன்னாண்ணே இது?" என்று வாங்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். "பிலோ அத்தை, எனக்கு சைக்கிள் விட வந்துடுச்சு. யாரும் பிடிக்கல. நீங்க வந்தா காட்றேன்." அவள் முகம் அப்படியே உடைந்தது. "எம்புள்ள கார்டு போட்ருக்கானா? எனக்கா?" என்றாள். அட்டையை மார்போடு வைத்து அழுத்திக்கொண்டாள். "படுவா, கத்துக்கினியாடா" என்று அதனிடமே பேசினாள். பிறகு என்னைப் பார்த்தாள். இருபது வருஷமாக எதைப் பார்க்கப் பயந்தேனோ, அந்தப் பார்வை. "வேலைய எடுத்தீங்க, சரி, அது போவட்டும். புள்ளைய ஏண்ணே எடுத்தீங்க? அவன் என்ன மறந்துட்டான்னுதானே நான் நெனச்சிகினு இருந்தேன். நான் அவன மறந்துட்டேன்னு அவன் நெனச்சிகினு இருந்தானா?" என்றாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து, அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிடு என்று சொன்னேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நீயும் அவளுக்காக அந்த வார்த்தையை நினைத்துக்கொள்ளாதே.

தரையில் இருந்தபடியே, கல்யாணத்துக்கு வருவாயா என்று கேட்டேன். கம்பெனிக்கும் நடந்ததை எழுதுகிறேன் என்றேன். "அங்க எழுதி இன்னா ஆவப்போவுது, அந்த மேனேஜரே இப்ப இல்ல. எழுதுறதுன்னா எழுதுங்க, எனக்காக வேணாம்" என்றாள். பிறகுதான் தன் நிபந்தனையைச் சொன்னாள். "நான் புள்ளையாண்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். நான் சொன்னா அப்பனப் பத்திக் கோள் சொன்ன மாதிரி ஆயிடும். நீங்க எழுதிக் குடுங்க. அன்னிக்கி ரிப்போர்ட்டு எழுதினீங்களே, அதே கையால எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அத்தப் படிச்சிட்டு அவன் வந்து கூப்பிட்டா நான் வரேன். இந்தக் கார்டுக்கு நான் பதில் போடணும். அதுக்கு முன்னாடி நீங்க எழுதணும்." வாசல்வரை வந்து, "பாத்து ஓட்டிகினு போங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆகவே, இந்தக் கடிதம் மனம் திருந்தி நானாகவே எழுதியது என்று நினைத்துவிடாதே. அவள் கேட்டதால் எழுதினேன். கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்திமதி சொல்ல வேண்டும் என்பார்கள், அந்த யோக்கியதை எனக்கு இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஜெனி எப்போதாவது கண்ணாடியைத் தட்டி, "இது எதிரா இருக்கே, கொஞ்சம் பாருங்க" என்று சொன்னால், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் எழுந்து போய்ப் பார். அவள் சொன்னது தப்பாகவே இருக்கட்டும், பார்த்துவிட்டுச் சொல். நான் அன்று அரை நிமிஷம் குனிந்து பார்த்திருந்தால் நீ பிலோ அத்தையோடு வளர்ந்திருப்பாய். உன் அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. நீ படித்து முடித்ததும் அவளிடம் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. அதிலும் நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

இனி அவள் கேட்டதை எழுதுகிறேன். பிலோமினாவின் கையில் குற்றம் இல்லை. கிண்ணத்தைத் தவறாக வரைந்தவன் நான். அவள் முன்கூட்டியே சொன்னாள், நான் கேட்கவில்லை. தெரிந்தே அவள்மேல் பழி போட்டேன், தெரிந்தே உன்னிடமிருந்து அவளைப் பிரித்தேன். இதில் இருக்கலாம் என்று எதுவும் இல்லை.

நாளை ஓலை வாசித்து முடிந்ததும் நீயும் ஜெனியும் வெள்ளானூருக்குப் போங்கள். நான் வரவில்லை. பத்திரிகைத் தட்டில், வெற்றிலைக்குப் பக்கத்தில், இந்தக் கடிதத்தையும் வை, அவள் முதலில் இதைப் படிக்கட்டும். ஜெனிக்கு மருதாணி வைக்கிற அன்று அவளும் வைத்துக்கொள்வாளா என்று நீ கேட்டுப் பார், நான் கேட்க முடியாது. உன் கார்டுக்குப் பதில் எழுதி வைத்திருப்பாள். அதில் என்ன இருக்கிறதென்று எனக்குச் சொல்ல வேண்டாம். அது உங்கள் இரண்டு பேருக்கும் உள்ளது, இந்தத் தடவை நான் நடுவில் கை வைக்க மாட்டேன்.

அப்பா